பாடசாலைப் பஸ்ஸில் புறப்பட்ட பெண்கள்
ஒரு மகளிர் இசைக்குழுவும் அதனை வழிநடத்தியோரும்

நூற்றாண்டு மலருக்கு இசை பற்றி ஒரு கட்டுரை தரும்படி மலர்க்குழுவினர் கேட்டபோது, நமது வாத்தியக் குழுவின் கதையைத்தான் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அக்கதையை என்னிலும் நன்றாக அறிந்த அக்காமார் பலர் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லுவதே முறை. ஆகவே, நமக்கு மிகத் தொலைவில் உள்ள இன்னொரு பாடசாலையின் பிள்ளைகளைப் பற்றி எழுதத் துணிந்தேன். அமெரிக்காவின் தென்பகுதியில், வறிய கறுப்பினப் பிள்ளைகளுக்கென அமைந்த ஒரு விடுதிப் பாடசாலையில் தொடங்கி, 12 ஆண்டுகள் அமெரிக்கா முழுவதும் புகழ்பெற்று விளங்கிய மகளிர் இசைக்குழு அது. "இன்ரநஷனல் ஸ்வீற்ஹார்ட்ஸ் ஒஃப் றிதம்" என்பது அதன் பெயர்.

என் இசை ஆசிரியப் பணிக்காலத்தில் இக்குழுவின் பழைய ஒலிப்பதிவுகளை மாணவிகளுக்குப் போட்டுக் காட்டுவது உண்டு. வாசிப்பவர்கள் பெண்கள் என்று முதலில் சொல்லமாட்டேன். கேட்டு முடித்த பின்னர் சொன்னால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். அடுத்து அவர்கள் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "இவர்களுக்கு யார் ரீச்சர் சொல்லிக்கொடுத்தது?" அந்தக் கேள்விக்கான விடையே இக்கட்டுரை.

பைன் மரங்களிடையே ஒரு பாடசாலை

மிசிசிப்பி மாநிலத்தில் பைனி வூட்ஸ் என்னும் இடத்தில் 1909ஆம் ஆண்டு இப்பாடசாலையைத் தொடக்கியவர் லோறன்ஸ் ஜோன்ஸ். அயோவா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற அவர், வசதியான வேலை தேடாமல், கறுப்பின மக்களுக்குக் கல்வி எட்டாதிருந்த கிராமப்புறத்துக்கு வந்தார். பெற்றோரை இழந்த பிள்ளைகளும் கட்டணம் செலுத்த வழியற்ற பிள்ளைகளும் அங்கே தங்கிப் படித்தனர். வயலிலும் சமையற்கூடத்திலும் சலவைக்கூடத்திலும் வேலை செய்து தமது படிப்புச் செலவை அவர்கள் ஈடுசெய்தனர்.

அரசாங்க உதவியை நம்பியிராத பாடசாலைக்கு நிதி எங்கிருந்து வரும்? நிதி சேர்க்கக் கலைநிகழ்ச்சி வைத்து, ரிக்கற் புத்தகத்துடன் வீடு வீடாக ஏறி இறங்கிய நமக்கு இது புதிய கேள்வி அல்ல. ஜோன்ஸ் பாட்டுக் குழுக்களை ஊர் ஊராக அனுப்பினார். 1920களிலேயே "கொட்டன் புளொசம் சிங்கேர்ஸ்" என்ற பெயரில் மாணவர்கள் பாடிப் பணம் சேர்த்தனர். பின்னாளில் புகழ்பெற்ற பார்வையற்ற ஆண் பாடகர் குழுவொன்றும் இதே பாடசாலையில்தான் உருவானது.

1930களின் நடுப்பகுதி, அமெரிக்காவில் "பிக் பாண்ட்" எனப்பட்ட பெரிய இசைக்குழுக்களின் பொற்காலம். டியூக் எலிங்டன், கவுண்ட் பேஸி, பெனி குட்மன் முதலானோரின் குழுக்களுக்காக நடன மண்டபங்கள் நிரம்பி வழிந்தன. பதினைந்து, பதினாறு பேர் கொண்ட அமைப்பு அது. ஒருபுறம் ட்றம்பெற், ட்றொம்போன் முதலிய பித்தளைக் குழல்கள். மறுபுறம் சக்ஸபோன் வரிசை. பின்னால் பியானோ, கிற்றார், பாஸ், ட்றம்ஸ். நமது மங்கல வாத்தியத்தில் நாதஸ்வரத்துக்குத் தவில் பதில் சொல்லுவதுபோல, இங்கே ஒரு வரிசை கேட்க மற்ற வரிசை பதில் சொல்லும். ஆனால் அத்தனை பேரும் ஒரே மூச்சில் ஒலிக்க வேண்டுமாகையால், யார் எந்தச் சுரத்தை எந்தக் கணத்தில் வாசிப்பது என்பது பெரும்பாலும் எழுதி வைக்கப்பட்டிருக்கும்.

அக்காலத்தில் அயினா றே ஹட்டன் தலைமையிலான "மெலோடியர்ஸ்" என்ற வெள்ளையினப் பெண்கள் குழு பெயர் பெற்றிருந்தது. அதனைக் கண்ட ஜோன்ஸ், தமது மாணவிகளாலும் இது முடியும் என்று நினைத்தார். 1937இல், பதினான்கு முதல் பத்தொன்பது வயது வரையான பிள்ளைகளைக் கொண்டு குழு உருவாயிற்று. பெரும்பாலோர் கறுப்பினத்தவர். சக்ஸபோன் வாசித்த வில்லி மே வொங்கின் தந்தை சீனர். மெக்சிக்க, ஹவாய் வழிவந்தோரும் இருந்தனர். அதனால்தான் பெயரில் "இன்ரநஷனல்" என்ற சொல் சேர்ந்தது.

முதல் ஆசிரியைகள்

லோறன்ஸ் ஜோன்ஸ் இசைக்கலைஞர் அல்லர். அவர் செய்தது வாய்ப்பை உருவாக்கியது மட்டுமே. பிள்ளைகளின் விரல்களுக்கும் மூச்சுக்கும் பயிற்சி கொடுத்தோர் வேறு சிலர்.

அவர்களுள் கொன்சுவேலா கார்ட்டர் என்னும் பெண்மணியை நாம் சிறப்பாக நினைக்க வேண்டும். அவர் அதே பாடசாலையின் பழைய மாணவி. படித்த இடத்துக்கே திரும்பிவந்து பிள்ளைகளுக்கு வாத்தியம் பழக்கினார். பெரிய குழுவுக்கு அடுத்த நிலையில் "ஸ்விங்கிங் றேஸ் ஒஃப் றிதம்" என்றொரு இளைய குழுவும் இருந்தது. அதனை வழிநடத்தியவர் அவரே. நமது பாடசாலைகளில் கனிஷ்ட வாத்தியக் குழுவைப் பயிற்றும் ஆசிரியையின் பெயர் பரிசளிப்பு விழா அறிக்கையில் இடம்பெறுவது அரிது. ஆனால் சிரேஷ்ட குழுவின் தரம் அங்கேதான் முடிவாகிறது என்பதை இசை கற்பித்தவர்கள் அறிவார்கள்.

பெரிய குழுவின் முதல் இசைப் பணிப்பாளர் எட்னா வில்லியம்ஸ். ட்றம்பெற் வாசிப்பவர், பாடகி. பயணங்களில் பிள்ளைகளுக்குப் பொறுப்பாக இருந்தவர் றே லீ ஜோன்ஸ். அவர் ஒமாகா நகரைச் சேர்ந்த சமூக சேவையாளர். நம் விடுதி மேற்பார்வையாளர்களைப்போல ஒழுங்கு, உடை, நேரம் எல்லாவற்றிலும் கண்டிப்பானவர். பிற்காலத்தில் குழுவின் முழு நிர்வாகமும் அவர் கைக்கு வந்தது.

பிள்ளைகள் வாத்தியங்களைத் தேர்ந்த விதமும் சுவையானது. அதிபரின் வளர்ப்பு மகள் ஹெலன் ஜோன்ஸ் ட்றொம்போனை எடுத்தாள். முன்னும் பின்னும் இழுக்கும் அந்த நீண்ட குழாய் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. போலின் பிறடி முதலில் கிளாறினெற் வாசித்தவர். ட்றம்ஸ் வாசித்த பிள்ளை விலகியதால் அந்த இடத்துக்கு வந்தார். வேண்டாவெறுப்பாகக் கிடைத்த வாத்தியத்திலேயே அவர் பெயர் பெற்றார். ஜோ ஜோன்ஸ், சிட் கற்லற் போன்ற பெரிய கலைஞர்களிடம் நுட்பங்களைக் கேட்டறிந்து தம்மை வளர்த்துக்கொண்டார். "எனக்கு இந்த வாத்தியம் வேண்டாம், மிஸ்" என்று அழுத பிள்ளைகளுக்கு நான் பல தடவை போலினின் கதையைச் சொல்லியிருக்கிறேன்.

சான்றிதழ் இல்லாத மாணவிகள்

மகிழ்ச்சியான கதை இந்த இடத்தில் திரும்புகிறது.

குழு புகழ்பெறப் பெறப் பயணங்கள் பெருகின. பயணங்கள் பெருகப் பெருக வகுப்பறை தூரமாயிற்று. சேர்ந்த பணம் பாடசாலைக்குப் போயிற்று. 1941இல், குழுவிலிருந்த சிலர் தமக்குப் பாடசாலையை முடித்த சான்றிதழ் கிடைக்காது என்பதை அறிந்தனர். காரணம், அவர்கள் வகுப்பில் இருக்கவில்லை. வகுப்பில் இராமல் அவர்கள் எங்கே போயிருந்தார்கள்? பாடசாலைக்காக வாசிக்கப் போயிருந்தார்கள்.

அவ்வாண்டிலேயே குழு பாடசாலையை விட்டுப் பிரிந்தது. தாம் பயணம் செய்த பஸ்ஸிலேயே அப்பெண்கள் தென்பகுதியை விட்டுப் புறப்பட்டனர். வாசிங்டன் நகரை அடுத்த வேர்ஜீனியாவின் ஆர்லிங்டனில் ஒரு வீட்டைத் தளமாகக் கொண்டு, தொழில்முறைக் குழுவாக மாறினர். அதிபரின் மகள் ஹெலனும் தந்தையின் பாடசாலையை விட்டுத் தோழியருடன் சென்றாள். பாடசாலையோ கார்ட்டரின் இளைய குழுவை அந்த இடத்துக்கு உயர்த்தி, நிதி சேர்க்கும் பயணங்களைத் தொடர்ந்தது.

யார் பக்கம் நியாயம்? ஆயிரக்கணக்கான ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த பாடசாலை அது, இன்றும் இயங்குகிறது. ஜோன்ஸின் அர்ப்பணிப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆயினும், பாடசாலைக்குப் பெயரும் பொருளும் தேடிக்கொடுத்த பிள்ளை, அதே காரணத்தால் வெறுங்கையுடன் வெளியேறுவது நீதி ஆகாது. நல்ல நோக்கமுள்ள நிறுவனங்களிலும் இது நடக்கும் என்பதே இதில் கவனிக்க வேண்டியது.

மேடையிலிருந்து வந்த தலைவி

1941இல் குழுவுக்குப் புதிய தலைவி வந்தார். அனா மே வின்பேர்ன். 1913இல் ரெனெசி மாநிலத்தில், இசையில் ஈடுபாடுள்ள குடும்பத்தில் பிறந்து, இந்தியானாவில் வளர்ந்தவர். இசைக் கல்லூரி எதிலும் கற்றுத் தலைமைக்கு வந்தவர் அல்லர். வானொலியிலும் இரவு விடுதிகளிலும் பாடி, கிற்றார் வாசித்து, ஒமாகாவில் ஆண்கள் குழுவான "கொட்டன் கிளப் போய்ஸ்" குழுவை வழிநடத்தும் நிலைக்கு உயர்ந்தவர். மின் கிற்றாரின் முன்னோடி எனப் பின்னாளில் உலகம் போற்றிய சார்ளி கிறிஸ்ரியன் அக்குழுவில் வாசித்திருக்கிறார். மகாயுத்தத்துக்கு ஆண்கள் அழைக்கப்பட்டபோது ஆண்கள் குழுக்கள் கலைந்தன. பெண்கள் குழுக்களுக்குக் கதவு திறந்தது. உயரமான தோற்றமும் கனிந்த குரலும் கொண்ட வின்பேர்ன், குழுவின் முகமாகவே ஆனார்.

அவருடன் அனுபவமிக்க வாத்தியக் கலைஞர்களும் வந்து சேர்ந்தனர். ட்றம்பெற் வாசித்த ரைனி டேவிஸ், சக்ஸபோன் வாசித்த வை பேர்ன்சைட் இருவரும் முன்னர் "ஹார்லெம் பிளேகேர்ல்ஸ்" என்ற கறுப்பின மகளிர் குழுவில் இருந்தவர்கள். ரைனி டேவிஸின் வாசிப்பைக் கேட்ட லூயி ஆம்ஸ்ட்றோங், பன்மடங்கு சம்பளத்துக்குத் தம்முடன் வரும்படி அழைத்ததாகவும், பிள்ளைகளை விட்டுப் பிரிய மனமின்றி அவர் மறுத்ததாகவும் சொல்லப்படுவதுண்டு.

பாடசாலையில் பழகிய இளையோரும் மேடையில் பழகிய மூத்தோரும் ஒரே வரிசையில் அமர்ந்தபோதுதான் குழுவின் ஒலி முழுமை பெற்றது. வாசிங்டனின் ஹவார்ட் அரங்கில் 1941இல் ஒரே கிழமையில் 35,000 பேர் இவர்களைக் கேட்க வந்தனர். நியூ யோர்க்கின் அப்பலோ அரங்கிலும் வாசித்தனர்.

எழுதிக் கொடுத்த கைகள்

மேடைக்கு வராத மூவரையும் சொல்ல வேண்டும். இசையை ஒழுங்கமைத்து, ஒவ்வொரு வாத்தியத்துக்குமான பகுதியை எழுதி, ஒத்திகை நடத்தியவர்கள் அவர்கள்.

முதலாமவர் எடி டேர்ஹம். ரெக்சாஸ் மாநிலத்தவர், சகோதரர்கள் சேர்ந்து வாசித்த குடும்பக் குழுவில் வளர்ந்தவர். ட்றொம்போனும் கிற்றாரும் வாசிப்பார். பெனி மோற்றன், ஜிமி லன்ஸ்வேர்ட், கவுண்ட் பேஸி ஆகியோரின் குழுக்களுக்கு எழுதியவர். இத்தகைய ஒருவர் தம்மிலும் மிக இளைய பெண்களுக்குப் பயிற்றுநராக வந்தார். ஜாஸ் இசையில் தனி வாசிப்பு என்பது நமது கற்பனாஸ்வரம் போன்றது. அந்தக் கணத்தில் பிறக்க வேண்டியது. அதற்கு இன்னும் பக்குவப்படாத பிள்ளைகளுக்கு, கற்பனையாகத் தோன்றும்படியே அத்தனி வாசிப்புகளையும் அவர் எழுதிக் கொடுத்தார். வாசித்து வாசித்து, பின்னர் அவர்கள் தாமாகவே கற்பனை செய்யத் தொடங்கினர். கற்பித்தலில் இதைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியவில்லை.

இரண்டாமவர் ஜெசி ஸ்ரோன். கன்சாஸ் மாநிலத்தில், ஊர் ஊராக நிகழ்ச்சி நடத்திய குடும்பத்தில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே மேடையேறியவர். 1920களில் சொந்தக் குழு வைத்திருந்தார். 1950களில் றொக் அண்ட் றோல் இசையின் புகழ்பெற்ற பாடல்கள் சில இவரது ஆக்கங்கள். குழுவின் தரத்தை மேலும் இறுக்கியவர் அவர்.

மூன்றாமவர் மோறிஸ் கிங். மிசிசிப்பியைச் சேர்ந்த இவர், யுத்த முடிவுக் காலத்தில் குழுவின் இசையை வழிநடத்தினார். பின்னர் டெற்றொயிற் நகரின் புகழ்பெற்ற மோரவுன் இசை நிறுவனத்தில் இளம் பாடகர்களைப் பயிற்றுவித்தார்.

பஸ்ஸில் உறக்கம், மேடையில் ஒளி

தென் மாநிலங்களில் நிறவேற்றுமைச் சட்டங்கள் நடைமுறையில் இருந்த காலம் அது. கறுப்பினத்தவருக்குத் தங்குமிடம் கிடையாது. வெள்ளையரின் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைய முடியாது. ஆகவே பஸ்ஸிலேயே படுக்கைகள் அமைத்து, அங்கேயே உண்டு உறங்கிப் பயணம் செய்தனர். 1943இல் பொஸ்ரன் பகுதியைச் சேர்ந்த றொஸ் குறொன் என்ற யூதப் பெண் சக்ஸபோன் வாசிக்கச் சேர்ந்தார். வெள்ளையினப் பெண் கறுப்பினத்தவருடன் பயணம் செய்வதே குற்றமாகக் கருதப்பட்ட ஊர்களில், முகத்துக்குக் கருநிறப் பூச்சுப் பூசி அவர் மேடையேறினார். எல் பாசோ நகரில் அதற்காகவே ஓர் இரவு சிறையிலும் இருந்தார்.

ஊதியமோ சொற்பம். தொடக்க காலத்தில் உணவுக்கு நாளொன்றுக்கு ஒரு டொலர், கைச்செலவுக்குக் கிழமைக்கு ஒரு டொலர், ஆகக் கிழமைக்கு 8 டொலர் கிடைத்ததென வில்லி மே வொங் நினைவுகூர்ந்திருக்கிறார்.

ஐரோப்பாவில் இருந்த கறுப்பினப் போர்வீரர்கள் இவர்களை அனுப்பும்படி கடிதம் மேல் கடிதம் எழுதினர். 1945இல் குழு பிரான்ஸுக்கும் ஜேர்மனிக்கும் சென்று ஏறத்தாழ ஆறு மாதங்கள் படையினருக்காக வாசித்தது. படையினருக்கான "ஜூபிலி" வானொலி நிகழ்ச்சிக்காகச் செய்த பதிவுகளே இவர்களின் வாசிப்பை இன்று நாம் கேட்க முடிவதற்கு முக்கிய காரணம்.

யுத்தம் முடிந்தது. ஆண்கள் திரும்பினர். பெரிய இசைக்குழுக்களின் காலமும் மங்கியது. பெண்கள் திருமணம், குழந்தை, உடல்நலம் என ஒவ்வொருவராக விலக, 1949இல் குழு கலைந்தது. வின்பேர்ன் மட்டும் தம் பெயரில் ஒரு குழுவை 1950களின் நடுப்பகுதி வரை நடத்தினார்.

ஹெலனின் கதை

முடிக்குமுன் ஹெலனைப் பற்றி. குழு கலைந்த பின் அவர் ஒமாகா நகரில் வாழ்ந்தார். அந்நகரின் சிம்பனி இசைக்குழுவில் ட்றொம்போன் வாசிக்கத் தெரிவானார். வெளிர் நிறத்தவராகையால் அவரது இனம் யாருக்கும் தெரியவில்லை. முதல் நிகழ்ச்சிக்குப் பின் அழைத்துச் செல்லத் தந்தை வந்தபோது தெரிந்துவிட்டது, வேலை போயிற்று. ஹெலன் ட்றொம்போனை வைத்துவிட்டுத் தாதியானார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நோயாளரைப் பராமரித்தார். அவரது மகள் கதி ஹியூஸ், அமெரிக்காவின் பெரிய கறுப்பின வானொலி நிறுவனமொன்றை நிறுவியவர்.

1980இல், பியானோக் கலைஞர் மறியன் மக்பார்ட்லண்டின் முயற்சியால், கன்சாஸ் சிற்றியில் நடந்த மகளிர் ஜாஸ் விழாவில் இக்குழுவின் அங்கத்தவர்கள் மீண்டும் ஒன்றுகூடிக் கௌரவிக்கப்பட்டனர். 1986இல் ஆவணப்படம் ஒன்று வெளிவந்தது. 2011இல், உயிருடனிருந்த அங்கத்தவர்கள் தமது படங்களையும் நினைவுப் பொருட்களையும் வாசிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் தேசிய அருங்காட்சியகத்துக்கு வழங்கினர். ஹெலன் 2020இல், கொரோனாத் தொற்றினால், 96ஆவது வயதில் காலமானார். மிசிசிப்பியிலிருந்து புறப்பட்ட அந்தப் பஸ்ஸில் இருந்த பிள்ளை, தன் கதை அருங்காட்சியகத்தில் ஏறியதைக் கண்டுவிட்டே சென்றார்.

நமக்கு

"யார் ரீச்சர் சொல்லிக்கொடுத்தது?" என்ற கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். ஒருவர் அல்லர். வாத்தியம் தெரியாத ஓர் அதிபர் கதவைத் திறந்தார். ஒரு பழைய மாணவி திரும்பிவந்து அடிப்படையைப் பழக்கினார். ஒரு பாடகி முன்னின்று நடத்தினார். மூன்று ஆண்கள் எழுதிக் கொடுத்தனர். மூத்த கலைஞர்கள் பக்கத்தில் அமர்ந்து வாசித்துக் காட்டினர். மீதியைப் பிள்ளைகள் தாமே, ஓடும் பஸ்ஸில், ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றனர்.

நூறு ஆண்டுகளைக் கொண்டாடும் நாம், கேடயங்களையும் வெற்றிகளையும் எண்ணுகிறோம், எண்ணத்தான் வேண்டும். அத்துடன் இன்னொரு கணக்கும் பார்ப்போம். அணிநடைக்கும் விழாவுக்கும் வாசித்து வாசித்து, பாடங்களில் பின்தங்கிய பிள்ளைகள் எத்தனை பேர்? என் வகுப்பிலேயே ஒருத்தி இருந்தாள். எல்லா விழாவிலும் அவள் ட்றம் ஒலித்தது. பரீட்சைப் பெறுபேறு வந்த நாளில் அவள் வரவில்லை. அன்று அவளைத் தேடிப் போக எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்தக் குற்றவுணர்வு இன்னும் என்னிடம் இருக்கிறது.

இச்சங்கம் தனது அடுத்த நூற்றாண்டில் இரண்டு காரியங்களைச் செய்யலாம் என்று பணிவுடன் கேட்கிறேன். வாத்தியக் குழுவில் உள்ள பிள்ளைகளுக்கு, தவறிய பாடங்களை மாலையில் சொல்லிக்கொடுக்கப் பழைய மாணவிகள் முன்வருதல் ஒன்று. கடல் கடந்து வாழ்வோரும் இன்று இணையவழியாக இதைச் செய்ய முடியும். ஒவ்வோர் ஆண்டுக் குழுவிலும் வாசித்தவர்கள், பயிற்றியவர்கள் எல்லோரது பெயரையும், கனிஷ்ட குழு உட்பட, நினைவிருப்பவர்கள் இருக்கும்போதே எழுதிச் சேர்த்தல் மற்றது.

பைனி வூட்ஸ் பெண்களைத் தேடிக் கௌரவிக்க முப்பது ஆண்டுகள் ஆயின. நம் பிள்ளைகளை அவ்வளவு காலம் காக்க வைக்காதிருப்போமாக. கல்வித்தாயும் அவள் பெயர் சொல்லி வாழும் பிள்ளைகளும் நீடு வாழ்க.